வாசகர் கேள்வி பதில்: ரெண்டு பேர் கொலையும் கவிழ்ந்த பிரதமரும்

போன இதழ்ல மதுரை வாசகர் ஒருத்தர், "ஊழல்ல மாட்டிக்கிட்ட அப்பாவி ஜோடியைப் பத்தி நல்ல அரசியல் த்ரில்லர் ஒண்ணு சொல்லுங்க"ன்னு கேட்டிருந்தாரு. கதை எதுக்குங்க, 2018ல ஸ்லோவாக்கியாவுல (ஐரோப்பாவுல ஒரு சின்ன நாடு) நடந்ததைத் தேடிப் படிங்க, எந்தக் கதாசிரியருக்கும் இவ்வளவு துணிச்சல் வராதுன்னு ரெண்டே வரியில எழுதிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன். அதுக்கப்புறம் வந்த லெட்டர், மெயில், மெசேஜ் எல்லாத்தையும் பாத்தா இந்தத் தடவை வேற கேள்விக்கே இடமில்ல. அதனால முழுப் பக்கமும் இதுதான்.

வாசகி, ஈரோடு: ரெண்டு வரியில சொல்லிட்டுப் போனா எப்படி? என்னதான் நடந்துச்சு, ஆரம்பத்துல இருந்து சொல்லுங்க.

சொல்றேன். யான் குட்சியாக், மார்ட்டினா குஷ்னீரோவா. ரெண்டு பேருக்கும் வயசு 27. அவரு ஆக்துவாலிட்டின்னு ஒரு செய்தி இணையதளத்துல புலனாய்வு நிருபர். அவங்க தொல்லியல் படிச்சவங்க, தொல்லியலாளரா வேலை பாத்தாங்க. தலைநகர் பிராட்டிஸ்லாவாவுல இருந்து கிழக்கால அறுபது கிலோமீட்டருக்கு மேல தள்ளி வெல்கா மாச்சான்னு ஒரு கிராமம், அங்க ஒரு பழைய வீட்டை வாங்கி கையிலிருக்கிற காசுக்குத் தகுந்த மாதிரி கொஞ்சம் கொஞ்சமா ரிப்பேர் பண்ணிக்கிட்டு இருந்தாங்க, மே மாசம் கல்யாணம். 2018 பிப்ரவரி 21, சாயங்காலம் இருட்டினப்புறம் ஒருத்தன் வந்து கதவைத் தட்டுறான், யான் திறக்குறாரு, நெஞ்சுல சுட்டுட்டான். சத்தம் கேட்டு அந்தப் பொண்ணு உள்ள இருந்து பாத்திருக்கு, அதனால அவளையும் சுட்டுட்டுப் போயிட்டான். நாலு நாள் யாருக்கும் தெரியல. போன் போட்டுப் போட்டுப் பாத்து பதிலே வராம வீட்டுக்காரங்க பயந்துபோய் போலீஸுக்குச் சொன்னப்புறம்தான் 25ஆம் தேதி ராத்திரி உடல்கள் கிடைச்சது.

இது வரைக்கும் இது ஒரு கிரைம் கதை. அரசியல் த்ரில்லரா மாறுறது இதுக்கு முன்னாடி நடந்த ஒரு சமாச்சாரத்துல. அதுக்கு அஞ்சு மாசம் முன்னாடி, 2017 செப்டம்பர்ல, மரியான் கோச்னர்னு ஒரு பெரிய தொழிலதிபர் யானுக்கு நேரா போன் போட்டிருக்காரு. ரியல் எஸ்டேட், அரசியல்வாதிங்க, போலீஸ் அதிகாரிங்க, நீதிபதிங்கன்னு எல்லா இடத்துலயும் அவருக்கு ஆள் உண்டு. "உன்னை, உங்கம்மாவை, அப்பாவை, கூடப் பொறந்தவங்களை எல்லாம் தனி கவனம் எடுத்துப் பாக்கப் போறேன்" அப்படிங்கிற தொனியில பேசியிருக்காரு. யான் அதை ரெக்கார்ட் பண்ணி போலீஸ்ல புகார் குடுத்தாரு. ஒரு மாசம் தாண்டியும் ஒண்ணும் நடக்கல, கேஸை யாரு கையில குடுத்திருக்காங்கன்னே தெரியலன்னு ஃபேஸ்புக்ல அவரே புலம்பி எழுதினாரு. கடைசியில இதுல குற்றம் எதுவும் இல்லன்னு மூடிட்டாங்க.

சினிமாவா இருந்தா சதி எல்லாம் பாதாள அறையில நடக்கும், ஹீரோ உயிரைப் பணயம் வச்சு அதைக் கண்டுபிடிக்கணும். இங்க மிரட்டினது பதிவாகியிருக்கு, புகார் எழுத்துல இருக்கு, ஊருக்கே தெரியும். எல்லாம் வெட்டவெளியில நடந்திருக்கு, அதுதான் எனக்குக் குலை நடுங்குற விஷயம்.

வாசகர், கோயம்புத்தூர்: அந்தாளு நிருபர், ஆபத்து தெரிஞ்ச வேலை. அந்தப் பொண்ணு என்ன பண்ணா?

ஒண்ணுமே பண்ணல. சுட்டவன் கோர்ட்ல சொன்னதே அதுதான்: யான் மட்டும்தான் இருப்பாருன்னு நினைச்சுப் போனோம், அவ நம்மளப் பாத்துட்டா, சாட்சியா இருப்பாளேன்னு சுட்டோம். மார்ட்டினாவைப் பத்தி எழுதுறவங்க எல்லாரும் "நிருபரும் அவருடைய வருங்கால மனைவியும்"னு எழுதுவாங்க, இந்தச் சம்பவத்துக்கு நிருபர் கொலைன்னுதான் பேரு. ஆனா அவங்களுக்குன்னு ஒரு படிப்பு, ஒரு வேலை இருந்துச்சு. கல்யாணத்துக்கு வாங்கி வச்சிருந்த டிரஸ்ஸைப் போட்டுத்தான் அவங்க ஊருல அடக்கம் பண்ணாங்க, அடுத்த நாள் யான் குட்சியாக்கை அவரு ஊருல. ரெண்டு சாவு, ரெண்டு ஊரு, அடுத்தடுத்த நாள். ஸ்லோவாக்கியாவுல லட்சக்கணக்கான பேர் தெருவுக்கு வந்ததுக்கு ஊழல் மட்டும் காரணம் இல்லன்னு நான் நினைக்கிறேன். எழுதுற ஆளைக் கொல்லுவாங்கங்கிறது ஜனங்களுக்கு எங்கயோ ஒரு மூலையில தெரியும், வீட்டுல இருந்த பொண்ணையும் சேத்துக் கொல்லுவாங்கங்கிறதை யாரும் எதிர்பாக்கல. நம்ம வீட்டுப் பொண்ணா இருந்தான்னு நினைக்காத அம்மா அப்பா இருந்திருக்க மாட்டாங்க.

வாசகர், தஞ்சாவூர்: கடைசியா அவர் எழுதிக்கிட்டிருந்தது விவசாய மானியம் பத்தின கட்டுரைன்னு படிச்சேன். நான் விவசாயி. மாஃபியாவுக்கும் வயலுக்கும் என்னங்க சம்பந்தம்?

ஐயா, நீங்க கேக்கிறதுதான் நல்ல கேள்வி, நிறைய பேர் இதைத் தாண்டிப் போயிடுறாங்க.

ஐரோப்பிய யூனியன்ல விவசாயிக்கு நேரடி மானியம் இருக்கு. பெரும்பாலும் அது என்ன விளைஞ்சது, எவ்வளவு வித்ததுங்கிறதைப் பாத்துக் குடுக்கிறது இல்ல, எத்தனை ஹெக்டேர் நிலம் உங்க கையில இருக்குங்கிறதைப் பாத்துக் குடுக்கிறது. நிலம் அதிகமா காட்டினா பணம் அதிகம். இப்ப ஸ்லோவாக்கியாவோட கிழக்குப் பக்கத்தை யோசிங்க, உக்ரைன் எல்லையை ஒட்டின ஏழை ஜில்லாக்கள். கம்யூனிஸ்ட் காலத்துல எல்லா நிலமும் கூட்டுறவுப் பண்ணைக்குப் போச்சு, 1989க்கு அப்புறம் திருப்பிக் குடுத்தாங்க, ஆனா தாத்தா பேர்ல இருந்தது பதினஞ்சு பேரனுக்குப் பங்காகி, பாதிப் பேரு வெளியூர்ல, எந்தத் துண்டு யாருதுன்னே தெளிவு இல்ல. பட்டா ஒருத்தர் பேர்ல, உழுறது ஒருத்தர்னு இருக்கிற பிரச்சினை உங்களுக்குத் தெரியாததா? அந்த இடைவெளியிலதான் பணம். நிலம் யார் கையிலன்னு தெளிவு இல்லாத இடத்துல, நான்தான் சாகுபடி பண்றேன்னு பேப்பர்ல எழுதிக் குடுக்கிறவன் மானியத்தை வாங்கிட்டுப் போவான். நிஜமா உழுறவன் ஆபீஸ் ஆபீஸா அலைவான்.

இத்தாலியோட தெற்கு முனை கலாப்ரியா, அங்க இருந்து வந்த ந்ட்ராங்கெட்டாங்கிற மாஃபியாவோட தொடர்பு இருக்கிறதா சொல்லப்பட்ட சில குடும்பங்க அந்தப் பக்கம் வந்து கம்பெனி ஆரம்பிச்சு விவசாயம், சோலார், மானியம்னு இறங்கினதைத்தான் யான் தோண்டிக்கிட்டு இருந்தாரு. அந்தக் கட்டுரையை அவரால முடிக்க முடியல. செத்து ஒரு வாரத்துல, பிப்ரவரி 28ஆம் தேதி, முடிக்காததை முடிக்காத மாதிரியே வெளியிட்டாங்க. அதுல இருந்த குண்டு என்னன்னா, ஆந்தோனினோ வதாலான்னு ஒரு இத்தாலிக்காரரோட முன்னாடி ஒரு கம்பெனியில கூட்டாளியா இருந்த மரியா ட்ரோஷ்கோவாங்கிற பொண்ணு, பிரதமர் ராபர்ட் ஃபிட்சோவோட ஆபீஸ்லயே உதவியாளரா உக்காந்திருந்தாங்க. கொலைக்கும் தனக்கும் சம்பந்தம் இல்லன்னு சொல்லி அந்தப் பொண்ணு வேலையை விட்டு விலகிக்கிட்டாங்க. வதாலாவையும் இன்னும் சில இத்தாலிக்காரங்களையும் போலீஸ் பிடிச்சுட்டு வந்து ரெண்டு நாள்ல ஆதாரம் இல்லன்னு விட்டுட்டாங்க. பிற்பாடு வதாலா இத்தாலிக்கு அனுப்பப்பட்டது போதைப்பொருள் கேஸ்ல. கொலைக்கும் அவங்களுக்கும் சம்பந்தம் இருந்ததா விசாரணையில எதுவும் வரல.

ஆக, முதல்ல எல்லாரும் மாஃபியாவையே பாத்துக்கிட்டு இருந்தாங்க. விசாரணை போய் நின்ன இடம் வேற.

வாசகி, சென்னை: ஒரு நிருபர் செத்ததுக்கு பிரதமரே ராஜினாமா பண்ணாருன்னா நம்ப முடியலையே? கூட்டம் கூடினா பதவி போயிடுமா?

அவராவே விரும்பிப் போகலங்க. முதல்ல ஒரு காட்சி சொல்றேன். கொலை வெளிய வந்த ரெண்டாவது நாள், பிப்ரவரி 27, பிரதமர் ஃபிட்சோ, உள்துறை மந்திரி ராபர்ட் கலின்யாக், போலீஸ் தலைவர் திபோர் காஷ்பார் மூணு பேரும் பத்திரிகையாளர்களைக் கூப்பிடுறாங்க. மேஜை மேல பத்து லட்சம் யூரோ, ரொக்கமா, கட்டுக் கட்டா அடுக்கி வச்சிருக்காங்க. துப்பு குடுத்தா இது உங்களுக்குன்னு. நம்ம கணக்குல அன்னைக்கு கிட்டத்தட்ட எட்டு கோடி ரூபாய். அதைப் பாத்து ஜனங்களுக்கு நம்பிக்கை வரும்னு எந்த ஆலோசகர் சொன்னாரோ தெரியல, போட்டோவைப் பாத்தவங்களுக்கு எல்லாம் இவங்கதான் மாஃபியா மாதிரி இருக்காங்களேன்னுதான் தோணுச்சு. இதே மனுஷன் 2016ல பத்திரிகைக்காரங்களை "அழுக்குப் பிடிச்ச, நாட்டுக்கு விரோதமான விபச்சாரிங்க"ன்னு மேடையிலயே திட்டினவரு, அதையும் யாரும் மறக்கல.

அடுத்த நாள் கலாச்சார மந்திரி, என் காலத்துல ஒரு நிருபரைக் கொன்னுட்டாங்க, இதை ஜீரணிக்க முடியலன்னு பதவியை விட்டாரு. மார்ச் 9ஆம் தேதி பிராட்டிஸ்லாவாவுல மட்டும் ஐம்பதாயிரம் பேருக்கு மேல கூடினாங்க. நம்ம ஊர்ல அது ஒரு மாநாட்டுக் கூட்டம்தான், ஆனா அந்த நாட்டு ஜனத்தொகையே ஐம்பத்து நாலு லட்சம், தலைநகர்ல நாலரை லட்சம் கூட இருக்காது. 1989ல கம்யூனிஸ்ட் ஆட்சியை இறக்கினதுக்கு அப்புறம் அவ்வளவு பேர் தெருவுல நின்னதே இல்ல. "நாகரிகமான ஸ்லோவாக்கியாவுக்காக"ன்னு பேனர், சாவியைக் குலுக்குறாங்க. 1989லயும் சாவியைத்தான் குலுக்கினாங்க, நேரமாச்சு கிளம்புங்கன்னு அர்த்தம். மார்ச் 12ல கலின்யாக் போனாரு. 15ல ஃபிட்சோ. அதுலயும் ஒரு டீல்: நான் போறேன், ஆனா அடுத்த பிரதமர் என் கட்சி ஆளுதான்னு. பீட்டர் பெல்லெக்ரினி வந்தாரு. மே மாசக் கடைசியில போலீஸ் தலைவரும் போனாரு.

ராஜினாமா கடிதத்தை வாங்கிக்கிட்ட ஜனாதிபதி முன்னாடி ஃபிட்சோ சிரிச்சுக்கிட்டே, கவலைப்படாதீங்க நான் எங்கயும் போகலங்கிற மாதிரி பேசினாரு. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கீழ வரும்.

வாசகர், நாகர்கோவில்: கொலைக்கு எவ்வளவு வாங்கினானுங்க? எப்படி மாட்டினானுங்க?

மொத்தம் 70,000 யூரோன்னு கோர்ட்ல வந்தது. அன்னைக்கு மதிப்புல அரைக் கோடி ரூபாய்க்குக் கொஞ்சம் மேல. அதுலயும் சுட்டவங்களுக்கு 50,000தான், மிச்சம் நடுவுல நின்ன ஆளோட பழைய கடனைக் கழிச்சுக்கிட்டது.

ஆளுங்களைப் பாருங்க. சுட்டது மிரோஸ்லாவ் மார்ச்செக், பழைய ராணுவ வீரன். கார் ஓட்டினது அவன் ஒண்ணுவிட்ட சகோதரன் தொமாஷ் ஸாபோ, பழைய போலீஸ். நடுவுல ஏற்பாடு பண்ண ஸோல்தான் ஆண்ட்ருஷ்கோ பீட்சா கடை வச்சிருந்தவன். அவன்கிட்ட வேலையைச் சொன்னதா சொல்லப்பட்டது அலேனா ஜுஜோவா, இத்தாலிய மொழிபெயர்ப்பாளர். இந்த அம்மாவுக்கு இன்னொரு வேலையும் உண்டு, சோஷியல் மீடியாவுல அரசியல்வாதிங்க, வக்கீலுங்ககிட்ட கொஞ்சிப் பேசி அந்தப் பேச்சை எல்லாம் சேத்து வைக்கிறது. இவங்க மகளுக்கு ஞானத்தந்தை யாரு தெரியுமா? கோச்னர். சிட்ரோயன் பெர்லிங்கோ கார் ஒண்ணு பக்கத்துக் கேமராவுல விழுந்திருந்துச்சு, போன் டவர் கணக்கு எடுத்தாங்க, 2018 செப்டம்பர் கடைசியில நாலு பேரையும் தூக்கிட்டாங்க. ஆண்ட்ருஷ்கோ உடைஞ்சு எல்லாத்தையும் சொல்லிட்டான், அதனால அவனுக்கு 15 வருஷம். மார்ச்செக்கும் நான்தான் சுட்டேன்னு ஒத்துக்கிட்டான், முதல்ல 23 வருஷம், மேல்முறையீட்டுல 25 ஆக்கினாங்க. ஸாபோவுக்கும் 25.

நிபுணர் கொலையாளி, கண்ணாடிக் கட்டடத்துல வில்லன்னு நம்ம மனசுல ஒரு படம் இருக்கே, அதுல ஒண்ணு கூட இங்க பொருந்தாது. பீட்சா கடைக்காரன்.

வாசகர், புதுச்சேரி: மெசேஜை எல்லாம் போலீஸ் படிச்சுட்டாங்களாமே, என்கிரிப்ஷன் ஆப்ல அது எப்படி சாத்தியம்?

கோச்னர் த்ரீமான்னு ஒரு ஆப் உபயோகிச்சாரு, சுவிஸ் கம்பெனி, பாதுகாப்புக்குப் பேர் போனது. ஆப்போட பாதுகாப்பு வழியில போற மெசேஜுக்குத்தான், போனே போலீஸ் கையில இருந்தா பூட்டை உடைச்சு உள்ள போறது மட்டும்தான் மிச்சம். 2018 ஜூன்ல அவரை வேற ஒரு கேஸ்ல, ஒரு டிவி கம்பெனிகிட்ட கோடிக்கணக்குல காசு கேட்டு போலி பிராமிசரி நோட்டு போட்ட கேஸ்ல, உள்ள வச்சுட்டாங்க. போன் மாட்டுச்சு. ஐரோப்பிய யூனியனோட போலீஸ் அமைப்பான யூரோபோல் உதவியோட திறந்தாங்க.

உள்ள இருந்தது என்னன்னா, ஒரு நாட்டோட முதுகெலும்பு எக்ஸ்ரே. நீதித்துறை துணை மந்திரி மோனிகா யான்கோவ்ஸ்கா அவரோட சாட் பண்ணிக்கிட்டு இருந்திருக்காங்க, அது வெளிய வந்ததும் 2019ல பதவி விலகினாங்க. 2020 மார்ச்ல ஒரே நாள்ல 13 நீதிபதிங்களைப் போலீஸ் பிடிச்சாங்க, பேர் வச்சதே "புயல்" ஆபரேஷன். ஒரு காலத்து தலைமை அரசு வழக்கறிஞரோட ஆபீஸ்ல கோச்னரும் அந்த வழக்கறிஞரும் சேந்து ரகசிய கேமரா ஒளிச்சு வைக்கிற வீடியோ கூட கிடைச்சது, தன்னோட ஆபீஸ்லயே தானே கேமரா வைக்கிற அரசு வழக்கறிஞரை இப்பதான் நான் கேள்விப்படுறேன்.

ஆனா என்னை ரொம்ப உறுத்துற விஷயம் இது இல்ல. கொலைக்கு முன்னாடி மாசக்கணக்குல நிருபர்களைப் பின்தொடர்ந்து போட்டோ எடுக்க ஒரு டீம் வச்சிருந்தாரு கோச்னர். அதை நடத்தினது பீட்டர் தோத், முன்னாள் நிருபர், அப்புறம் உளவுத்துறையில இருந்தவரு, பிற்பாடு மனசு மாறி முக்கிய சாட்சி ஆனாரு. அதோட யானோட விவரங்களை அரசாங்க டேட்டாபேஸ்ல தேடி எடுத்து வெளிய குடுத்திருக்காங்க, போலீஸ் ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு. துப்பாக்கி பிடிச்சவன் கூலிக்கு வந்தவன், அவனை ஜெயில்ல போட்டாச்சு. ஒரு பேரைக் கம்ப்யூட்டர்ல அடிச்சு என்ட்டர் தட்டின ஆளு டீ குடிச்சுட்டு வீட்டுக்குப் போயிருப்பாரு. அவருக்கு அது ஒரு சாதாரண வேலை நாள். எனக்கு இந்தக் கதையில வில்லன்னு யாராவது இருந்தா அது அந்த என்ட்டர் தட்டின விரல்தான்.

வாசகி, சேலம்: அப்ப கொல்லச் சொன்னது யாரு? கோச்னருக்குத் தண்டனை கிடைச்சுதா?

கொலைக் கேஸ்ல இது வரைக்கும் இல்ல. இதை ஜாக்கிரதையா சொல்லணும், ஏன்னா ஊரே ஒரு பதில் வச்சிருக்கு, கோர்ட் இன்னும் அந்தப் பதிலைச் சொல்லல. போலி பிராமிசரி நோட்டு கேஸ்ல அவருக்கு 19 வருஷம், அது உறுதியாயிடுச்சு, உள்ளதான் இருக்காரு. கொலைக் கேஸ்ல 2020 செப்டம்பர் 3ல கோச்னரும் ஜுஜோவாவும் விடுதலை, போதுமான ஆதாரம் இல்லன்னு. 2021 ஜூன்ல உச்ச நீதிமன்றம் அதை ரத்து பண்ணி திரும்ப விசாரிக்கச் சொல்லுச்சு. 2023 மே 19ல ரெண்டாவது தீர்ப்பு: ஜுஜோவாதான் சொன்னாங்க, 25 வருஷம், கோச்னர் மறுபடி விடுதலை. அப்ப அந்த அம்மாவுக்கு குட்சியாக்கைக் கொல்ல என்ன தனிப்பட்ட காரணம்னு ஜனங்க கேட்டாங்க, நியாயமான கேள்வி. 2025 மே மாசம் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பையும் தூக்கிட்டு, வேற நீதிபதிங்க உக்காந்து மூணாவது தடவையா விசாரிங்கன்னு அனுப்பிடுச்சு.

எனக்குக் கோபம் வருது, ஆனா ஒண்ணு சொல்லுவேன். சாட் மெசேஜை மட்டும் வச்சு ஒருத்தரை ஆயுளுக்கும் உள்ள தள்ளுறதுக்குக் கோர்ட் தயங்குறது தப்புன்னு சொல்ல முடியல. நாளைக்கு அதே சட்டத்தை வச்சு இன்னொரு நிருபரையும் உள்ள தள்ளலாம். ரெண்டு குடும்பமும் ஏழு வருஷத்துக்கு மேலா கோர்ட் பெஞ்சுல உக்காந்திருக்காங்க, அதுக்கும் என்கிட்ட பதில் இல்ல.

கல்லூரி மாணவர், மதுரை: இதழியல் படிக்கிறேன். அவர் எப்படி இவ்வளவு விஷயம் கண்டுபிடிச்சார்? ரகசிய சோர்ஸ் நிறைய இருந்துச்சா?

தம்பி, ஏமாறாதீங்க. அவருக்கு ரகசிய சோர்ஸை விட கம்பெனி ரிஜிஸ்தர், நிலப் பதிவேடு, டெண்டர் ஒப்பந்தம், வரி பாக்கிப் பட்டியல்தான் அதிகம் உதவினது. எல்லாம் பொதுவுல கிடைக்கிற ஆவணம். ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனிக்கு வீடு வித்த மாதிரி காட்டும், அது மூணாவதுக்கு விக்கும், ஒவ்வொரு கைமாறலுக்கும் வாட் வரியைத் திருப்பித் தாங்கன்னு அரசாங்கத்துக்கிட்ட கேப்பாங்க, வீடு நின்ன இடத்துலயே நிக்கும். எக்செல் ஷீட்ல பொறுமையா கட்டம் கட்டமா போட்டுப் பாத்தாதான் இது தெரியும். 2018 பிப்ரவரி 9ல வந்த அவரோட கடைசிக் கட்டுரை பிராட்டிஸ்லாவாவுல ஃபைவ் ஸ்டார் ரெசிடென்ஸ்னு ஒரு சொகுசு அடுக்குமாடியில நடந்த இந்த மாதிரி பரிமாற்றம் பத்தினது, அதுலயும் கோச்னர் பேரு வருது. பன்னிரண்டு நாள் கழிச்சு கொலை.

அவரு பேட்டி எடுக்கிறதுல பெரிய ஆளு இல்ல, கூச்ச சுபாவம்னு கூட வேலை பாத்தவங்க சொல்லியிருக்காங்க. டிவியில கத்துற டைப் கிடையாது. இதைக் கேட்டு உங்களுக்கு ஆர்வம் குறைஞ்சா பரவாயில்ல, வேற டிபார்ட்மென்ட் இருக்கு.

இன்னொண்ணு. அவரு செத்தப்புறம் போட்டி பத்திரிகைகள் எல்லாம் ஒண்ணு சேந்து அவரு விட்டதை எடுத்து முடிச்சாங்க. அவரோட சேந்து வேலை பாத்த செக் நிருபர் பாவ்லா ஹோல்ட்சோவா கைக்கு போலீஸ் ஃபைல் மொத்தமும் வந்தது, 70 டெராபைட். அதை இன்டர்நெட் இல்லாத ஒரு ரூம்ல வச்சு, போனை வெளியவே வச்சுட்டு, பல பத்திரிகை நிருபர்கள் வந்து உக்காந்து படிச்சாங்க. "கோச்னர் லைப்ரரி"ன்னு அதுக்குப் பேரு. ஒருத்தனைக் கொன்னா கதை செத்துடும்னு நினைச்சவங்களுக்கு நடந்தது இதுதான், ஒருத்தன் எழுதினதை இப்ப நாப்பது பேர் எழுதுறான்.

வாசகர், வேலூர்: இதைப் படமா எடுத்தா ஹீரோ யாரு?

ஹீரோ முதல் ரீல்லயே செத்துடுறாரு சார், எந்தத் தயாரிப்பாளர் ஒத்துக்குவாரு?

வாசகி, திருநெல்வேலி: இப்ப அந்த நாட்டுல நிலைமை எப்படி? திருந்திட்டாங்களா?

கொஞ்ச நாள் அப்படித்தான் தெரிஞ்சது. 2019ல ஸூஸானா சாப்புட்டோவா ஜனாதிபதி ஆனாங்க, அந்த நாட்டோட முதல் பெண் ஜனாதிபதி. அவங்க வக்கீல், பெஸினோக்னு ஒரு ஊர்ல குப்பைக் கிடங்கு வரக்கூடாதுன்னு வருஷக்கணக்குல கேஸ் நடத்தி ஜெயிச்சவங்க, அந்தக் குப்பைக் கிடங்கு விவகாரத்துலயும் எதிர்ப்பக்கம் கோச்னர் பேரு அடிபட்டுச்சு. 2020 தேர்தல்ல ஃபிட்சோவோட ஸ்மேர் கட்சி தோத்துச்சு. ஊழலை ஒழிக்கிறேன்னு வந்தவங்க உள்ளுக்குள்ள அடிச்சுக்கிட்டாங்க, கொரோனா வந்துச்சு, விலைவாசி ஏறிச்சு, அரசாங்கம் ஆடி ஆடி விழுந்துச்சு.

2023 செப்டம்பர் தேர்தல்ல ஃபிட்சோ ஜெயிச்சு திரும்ப பிரதமர், நாலாவது தடவை. கலின்யாக் இப்ப பாதுகாப்பு மந்திரி. பழைய போலீஸ் தலைவர் காஷ்பார் எம்பி. பெல்லெக்ரினி 2024ல ஜனாதிபதி. பணக்கட்டு அடுக்கின மேஜைக்குப் பின்னாடி நின்ன மூணு பேரும் திரும்ப வந்துட்டாங்க. வந்ததும் முதல் வேலையா, பெரிய ஊழல் கேஸ் எல்லாம் நடத்தின சிறப்பு அரசு வழக்கறிஞர் ஆபீஸை 2024 மார்ச்ல இழுத்து மூடினாங்க, பிற்பாடு ஊழலைப் பிடிக்கிற போலீஸ் பிரிவையும் கலைச்சாங்க. அது அரசியல் பழிவாங்கலுக்குத்தான் பயன்பட்டுச்சுன்னு அவங்க காரணம் சொல்றாங்க. ஜனங்க திரும்ப சாவியைக் குலுக்க ஆரம்பிச்சுட்டாங்க.

2024 மே 15ல ஹான்ட்லோவாங்கிற ஊர்ல ஒரு வயசானவர் ஃபிட்சோவையே சுட்டாரு, உயிருக்குப் போராடிப் பொழைச்சாரு. அவரைப் பிடிக்காதவங்க கூட அதை நியாயப்படுத்தல, நானும் மாட்டேன். யானும் மார்ட்டினாவும் செத்ததுக்குத் தெருவுல நின்னவங்க கேட்டது துப்பாக்கி இல்லாத நாட்டைத்தானே.

வாசகர், மதுரை (போன இதழ்ல முதல் கேள்வி கேட்டவர்): சார், நான் படம் கேட்டேன், நீங்க சரித்திரம் எடுத்துட்டீங்க. பாக்கிற மாதிரி எதுவும் இல்லையா?

இருக்கு, கோச்சுக்காதீங்க. 'தி கில்லிங் ஆஃப் எ ஜர்னலிஸ்ட்'னு 2022ல வந்த ஆவணப்படம், இயக்கினது மேட் சார்னெக்கி. அந்த 70 டெராபைட்ல இருந்து எடுத்த விசாரணை வீடியோவே உள்ள வருது, குற்றவாளிங்க போலீஸ்கிட்ட உக்காந்து பேசுறது அப்படியே. பேக்ரவுண்ட் மியூசிக்ல கண்ணு கலங்க வைக்கிற வேலை எல்லாம் இல்ல. பெயருங்கதான் முதல்ல குழப்பும், மேல நான் எழுதினதைப் பக்கத்துல வச்சுக்கோங்க. ராத்திரி தனியா பாக்காதீங்க, வீட்டுல யாராவது கூட இருக்கும்போது பாருங்க, பாத்து முடிச்சதும் யார்கிட்டயாவது பேசணும்னு தோணும். அடுத்த இதழ்ல வழக்கம்போல எல்லாக் கேள்வியும் உண்டு, கிரிக்கெட் கேள்வி அனுப்பிட்டு என்னைத் திட்டிக்கிட்டு இருக்கிறவங்க கொஞ்சம் பொறுத்துக்கோங்க.